ஐந்துக்கு நான்கு

ஆறுவதற்குள் அந்தப் பர்கரைச் சாப்பிட்டுவிடுங்கள், மேடம். ஆனால் எடுத்தவுடன் கடிக்காதீர்கள். முதலில் மேல் பன்னை விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள்; அமுங்கியது மறுபடி எழும்ப வேண்டும். அப்புறம் பக்கவாட்டில் திருப்பி, கறி எவ்வளவு, இலை எவ்வளவு, சாஸ் எவ்வளவு என்று பாருங்கள். அதற்கப்புறம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். வாய் கடைசியில்தான். அவசரப்பட்டால் நம் பசிக்குத்தான் மார்க் போடுவோம், பர்கருக்கு இல்லை.

அண்ணா நகர், நுங்கம்பாக்கம், பெசன்ட் நகர் என்று சென்னையில் பர்கர் விற்கிற கடை எதையும் நாங்கள் விட்டுவைத்ததில்லை. நாங்கள் என்றால் நானும் சின்ராசும். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து தின்று, பேசி, ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறவன் நான். கேமராவைப் பிடிக்கிறவன் அவன். வீடியோ பார்க்கிறவர்களுக்கு அழகுராஜா என்ற என் பெயர் மட்டும்தான் தெரியும். போடியிலிருந்து போன ஒருத்தன் பட்டணத்துக் கடைக்காரர்களை நடுங்க வைக்கிறான் என்று ஊரில் எல்லோருக்கும் பெருமை.

சின்ராசு செத்தது விபத்து என்று போன மாதமே வழக்கை முடித்துவிட்டீர்கள். இன்ஸ்பெக்டர் வீரலட்சுமி துருவாமல் விடமாட்டார் என்று ஊரில் பேசுவார்கள். நீங்களும் நன்றாகத்தான் துருவினீர்கள். நான் சொன்னதில் பெரும்பாலும் உண்மைதான். சில இடங்களில் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். அதைச் சரிசெய்யத்தான் இன்று உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

எனக்கு வாசனை தெரியாது என்பது உண்மை. கொரோனா வந்துபோனதில் போனது. மற்றவர்களுக்குக் கொஞ்ச நாளில் திரும்பியது, எனக்குத் திரும்பவில்லை. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் எரியும், அவ்வளவுதான். வதக்கிய வெங்காயமும் நனைந்த அட்டையும் எனக்கு ஒன்றுதான். டாக்டர் கையை விரித்துவிட்டார். எங்கள் சேனல் சூடுபிடித்து வந்த நேரம் அது. அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். சின்ராசு இட்லிப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்திரி மாப்ளே. ஒன் மூக்கு போனா போகுது, என் மூக்கு எங்கயும் போகலல்ல? நான் மோந்து சொல்றேன், நீ பேசு. எனக்குத்தான் கேமராவப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கிருதே" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடையில் முதல் பர்கரை அவன் ஓரமாக நின்று தின்பான். வெண்ணெய் கருகியிருக்கிறது, கறி நேற்றையது, மிளகில் வாசமே இல்லை என்று என் காதில் சொல்வான். அதை நான் அலங்காரம் பண்ணிப் பேசுவேன். மார்க் மட்டும் கடைசியில்தான் வரும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, மேசைக்கு அடியில் என் காலைத் தன் காலால் தட்டுவான். மூன்று தட்டு என்றால் மூன்று மார்க். எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் நான்கு தட்டுக்கு மேல் அவன் தட்டியதில்லை. ஏண்டா இப்படிக் கஞ்சத்தனம் என்று ஒருநாள் கேட்டேன்.

"அஞ்சு போட்டுட்டா அப்புறம் அவன் எதுக்கு மெனக்கெடப் போறான்? நாலே நல்ல மார்க்குதான் மாப்ளே."

அவனைப்போல் என்னை யாரும் பார்த்துக்கொண்டதில்லை. இதை இரக்கம் சம்பாதிக்கச் சொல்லவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கடையில் ஏலக்காய் சாஸ் ஊற்றி ஒரு பர்கர் போட்டார்கள். போடிக்காரனுக்கே ஏலக்காயா என்று சிரித்துக்கொண்டே போனோம். சின்ராசு ஒரு வாய் கடித்துவிட்டு அப்படியே நின்றான். "இது புகை குடிச்ச காய் மாப்ளே. ஒணத்துன எடத்துல குழாய் ஓட்டை" என்றான். நான் அதைக் கேமராவில் சொன்னேன். கடைக்காரர் கோபத்தோடு காய் வாங்கிய இடத்தில் விசாரித்துவிட்டு, உண்மைதான் என்று அவரே வீடியோ போட்டார். அன்றிலிருந்து எனக்குத் 'தமிழ்நாட்டு மூக்கு' என்று பெயர். என் அப்பா கண்ணுச்சாமி ஏலம் நடக்கிற இடத்தில் வியாபாரிகள் ஒவ்வொருவரிடமும் அந்த வீடியோவைக் காட்டினாராம். ஏலக்காயிலேயே ஆயுளைக் கழித்தவருக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது?

பிறகு அந்தப் பர்கர் திருவிழா வந்தது. சென்னையில், பெரிய மேடையில், என் கண்ணைக் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு பர்கராகக் கையில் கொடுப்பார்கள். வாசனையை வைத்தே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லி நான் மார்க் போட வேண்டும். சின்ராசு பின்னால் நின்று சமாளித்துக்கொள்வதாக ஏற்பாடு. அவன் இல்லாமல் ஏறினால் அத்தனை பேர் முன்னால் என் சாயம் வெளுத்துவிடும். திருவிழாவுக்கு முன்னால் இரண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தோம். மலையில் இருக்கிற எங்கள் ஏலக்காய் ஸ்டோருக்கு ஏறிப்போகும்போதுதான் அவன் சொன்னான், திருவிழாவுக்குக் குறித்த அதே நாளில் தேவாரத்தில் கற்பகத்துக்குப் பூ வைக்கிறார்கள் என்று. மாப்பிள்ளை அவன்தான்.

"அத ஒரு வாரம் தள்ளிக்கிறலாம்ல?" என்று கேட்டேன்.

"அவுக அய்யா நாள் பாத்துட்டாருடா. இன்னிக்கு ஒங்கப்பா ஜீப்புல எறங்கிப் போயி சரின்னு சொல்லணும். போகலைன்னா கோவிச்சுக்குவாரு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மறுபடி பேசினான். "நான் இனிமே சென்னைக்கு வரல மாப்ளே. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வண்டி போட்டு நம்மூருக்கும் பர்கர் குடுக்கப்போறேன். கற்பகமும் சரின்னுட்டா. மொதப் பர்கர நீதான் தின்னு மார்க் போடணும்."

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"நான் கீழ காலத் தட்டுறேன், போடு" என்று சிரித்தான்.

எங்கள் ஸ்டோரை நீங்கள் பார்த்தீர்கள். போடிமெட்டுக்குக் கீழே, நம் பக்கத்துச் சரிவில், பச்சை ஏலக்காயை உலர்த்துகிற அறை. அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள்; வெளியே எரிகிற அடுப்பின் சூட்டை உள்ளே கொண்டுபோகும் தகரக் குழாய். காயைப் பரப்பி நெருப்பு மூட்டிக் கதவைச் சாத்திவிட்டால் நடுவில் திறப்பதில்லை. வெளிக்காற்று பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும், பச்சை போனால் விலை போய்விடும். அதனால் சாத்துவதற்கு முன் ஒருவர் உள்ளே தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்ப்பார். குழாயில் ஓட்டை இருந்தால் புகை வாசம் காட்டிக்கொடுத்துவிடும். மோந்து பார்த்தவரேதான் கதவுக்குக் குறுக்கே கட்டையும் போட வேண்டும். எங்கள் மலையில் அது பழக்கம்.

அன்று ஆட்களெல்லாம் மேல்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக மோந்து பார்க்கிறவர் அப்பா. அன்றைக்கு அவர், "அப்பு, இன்னிக்கு நீ பாருடா. தமிழ்நாட்டு மூக்கு நம்ம ஸ்டோருக்கும் ஒரு தடவ சோலி பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் அடுப்புக்கு விறகு தள்ளப் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்ராசுக்கு என் முகத்தைப் பார்த்தாலே போதும்.

"நீ நில்லு. வாசல்ல நின்னு நான் மோந்தா அவரு பாத்துருவாரு. நான் உள்ள போயி குழாய் மூட்டு ஒவ்வொண்ணா பாத்துட்டு வர்றேன். நீ பாத்ததாச் சொல்லிரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நான் கதவைச் சாத்திக் கட்டையைப் போட்டேன்.

கோபத்தில் போடவில்லை, மேடம். ஜீப் போகிறவரைக்கும்தான் என்று போட்டேன். ஜீப்பை விட்டுவிட்டால், மெட்டுக்கு நடந்து பஸ் பிடித்தாலும் நேரத்துக்குத் தேவாரம் போய்ச்சேர மாட்டான். போகாவிட்டால் கற்பகத்தின் அய்யா கோபித்துக்கொள்வார், பூ வைப்பது தள்ளிப்போகும், அவன் என்னோடு மேடைக்கு வருவான். நீங்களே யோசித்துப் பாருங்கள், இதில் கொலை எங்கே இருக்கிறது? ஒரு ஆளை ஜீப்பில் ஏறவிடாமல் செய்வது விளையாட்டுக்கும் செய்கிற காரியம்தானே.

பின்பக்கத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்னடா, புகை இருக்கா?"

"இல்லப்பா."

"சின்ராசு எங்க? ஜீப்புல வர்றேன்னானே."

"அவன் அப்பவே மெட்டுக்கு நடந்துட்டாம்ப்பா. பஸ்சுல போயிக்கிறானாம்."

ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா வெரசாகக் கிளம்பினார். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஜீப் வளைவுகளில் இறங்குகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அப்போது திறந்திருக்கலாம். திறந்தால் ஏன் சாத்தினாய் என்று கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் திறந்தால் காயின் பச்சை போய்விடுமே என்றும் நினைத்தேன். இப்போது சொன்னால் அபத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அது சரியான காரணமாகத்தான் பட்டது. அப்பா சொன்னபடி அடுப்புக்கு விறகும் போட்டேன்.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்தார். சின்ராசு தேவாரத்துக்கு வரவில்லை என்று போன் வந்ததாம். பேசிக்கொண்டே கதவருகில் வந்தவர் சட்டென்று நின்றார். கதவிடுக்கில் கசிந்த புகை வாசம் அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டையை அவர்தான் எடுத்தார். கதவை ஒட்டியே கிடந்தவனை அவர்தான் வெளியே இழுத்துப் போட்டார். "இம்புட்டுப் புகைடா, எப்பிடிடா ஒனக்குத் தெரியாமப் போச்சு?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அப்போதுதான், எனக்கு வாசம் தெரியாதுப்பா என்று சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அவன் நடந்து போய்விட்டதாக நான் நினைத்தேன், எனக்குத் தெரியாமல் அவன் திரும்பி வந்து குழாயைப் பார்க்க உள்ளே போயிருக்கிறான், மூக்கில்லாத நான் புகையும் தெரியாமல், ஆள் இருப்பதும் தெரியாமல் சாத்திவிட்டேன். நீங்கள் நம்பினீர்கள். அப்பாவும் நம்பினார். அவர் அதற்குப் பிறகு மலை ஏறவே இல்லை. "ஒன்னப் போயி மோந்து பாக்கச் சொன்னேனே, பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு பின்கட்டில் படுத்திருக்கிறார்.

எதை மறைக்கக் கட்டையைப் போட்டேனோ, அதை நானே ஒரு வீடியோவில் சொன்னேன். யாரும் காறித் துப்பவில்லை. எனக்காக அழுதார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருவிழாக்காரர்கள் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். இவ்வளவு சுலபம் என்று முன்பே தெரிந்திருந்தால் சின்ராசு இந்நேரம் பஸ் ஸ்டாண்டில் பன் வாட்டிக்கொண்டிருப்பான்.

இன்று காலையில் கற்பகம் வந்தாள். அவன் சொல்லிவைத்திருந்த வண்டியை அவளே எடுத்து இன்றுதான் கடை போட்டிருக்கிறாள். இரண்டு பொட்டலம் கொண்டுவந்தாள். அதில் ஒன்றுதான் உங்கள் கையில் இருப்பது.

"மொதப் பர்கரு ஒங்களுக்குத்தான்னு அவுக சொல்லிருந்தாகண்ணே. ஒங்களுக்கு வாசம் தெரியாதுன்னு தெரியும். இருந்தாலும் அவுக சொன்னதாச்சே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒங்க மேல குத்தமில்லண்ணே. தெரிஞ்சிருந்தா நீங்க சும்மா இருந்துருப்பீகளா?" என்றாள்.

நான் கடித்தேன். உப்பு சரியாக இருந்தது. மற்றது ஒன்றும் தெரியவில்லை. மேசைக்கு அடியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் காத்துக்கொண்டே நின்றாள். கடைசியில், நாலு என்றேன். அது அவன் போடுகிற மார்க் என்று அவளுக்குத் தெரியும்போல. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பியதும் உங்களுக்குப் போன் செய்தேன்.

உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டதா என்று அன்று நீங்கள் கேட்டீர்கள். தகரக் கூரையில் மழை அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அன்று மலையில் மழை பெய்ததா என்று விசாரித்தீர்கள். பெய்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜீப் போனதும் அவன் நான்கு தட்டு தட்டினான், மேடம். நிதானமாக, விளையாட்டாக. காய்க்கு மார்க் போடுகிறான் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ளே, குழாய் ஓட்டைடா. கதவத் தொறந்துட்டு நீ தள்ளி நின்னுக்க. புகை ஒனக்குத் தெரியாது" என்றான். பிறகு மறுபடி தட்டினான். நான்கைத் தாண்டினான், ஐந்தைத் தாண்டினான், நான் எண்ணுவதை விட்ட பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

மழை பெய்தது உண்மைதான். அது பிடித்தது, அவன் தட்டுவதை நிறுத்தி வெகுநேரம் கழித்து.