செருப்பு வரிசையில் ஆப்பிரிக்கா

செர்டாங் பக்கத்துக் கிளினிக்கில் கதவு திறக்கும்வரை ஆளுக்குப் பதிலாகச் செருப்புதான் வரிசையில் நிற்கும். செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு இருவர் ஓரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எகிப்துல செத்தவன் இதயத்தை ஒரு இறகோட வச்சு நிறுப்பாங்களாம்லா,” என்றார் தொப்பிக்காரர். “நான் திருடல, பொய் சொல்லலன்னு அவனே ஒவ்வொண்ணா சொல்லணுமாம்.”

“பைபிள்ல திருடாதேன்னு கடவுளே முன்னாடி சொல்லிடுறாரு,” என்றார் கண்ணாடிக்காரர். “ஆனா எனக்குப் பிடிச்சது ஆப்பிரிக்காக்காரன்தான். ‘நாம இருக்கோம், அதனாலதான் நான் இருக்கேன்’ங்கிறான். என்னா மனசு பாருங்கண்ணே!”

ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வந்திருந்த ஒரு பெண் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, முன்னால இருக்கிற இந்த நாலு ஜோடி யாரோடது?”

“ஒண்ணு என்னுது,” என்றார் கண்ணாடிக்காரர். “மூணு எங்க வீட்டு ஆளுங்களுது. பசியாறிட்டு மெதுவா வருவாங்க.”

“நீங்க சொன்ன அந்த ‘நாம’வுல என்னையும் சேத்து, அந்த மூணுக்கு முன்னால விடுங்கண்ணே. மயக்கமா வருது.”

கண்ணாடிக்காரர் கால் விரலால் நாலு ஜோடியையும் இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தார்.

“அது ஆப்பிரிக்காவுலம்மா. இங்க வரிசைன்னா வரிசைதான்லா.”