வரிசையில் நின்றவரை வரவில்லை என்று எழுதியது தொடர்பாக

பெயர் செபஸ்தியம்மாள், வயது 51, காலஞ்சென்ற பவுல்ராஜ் மனைவி, மரியநாதபுரம், திண்டுக்கல். அரசு உதவி பெறும் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். உதவி ஆய்வாளர் அன்புக்கரசி அவர்கள் விசாரிக்க, நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியது.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். எனக்கு ஷைனி என்று ஒரே மகள். சவூதியில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கிறாள். லீவில் வந்தவள் நேற்று மாலை திருச்சி விமானத்தில் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அவள் திரும்ப உள்ளே நுழைவதற்கான விசா நேற்று நள்ளிரவோடு முடிவதாக இருந்தது. தவறினால் வேலை போகும், மறுபடி அந்த நாட்டில் கால் வைக்கவும் விட மாட்டார்கள். டிக்கெட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் மரியராஜிடம் எடுத்தோம். அவர் எங்கள் கோயில் பாடல் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். ஆர்மோனியமெல்லாம் எதற்கு என்று எழுத்தர் கேட்டார். கோயில் ஆள் என்று நம்பித்தான் அவரிடம் போனேன், அதனால் எழுதுங்கள் என்றேன்.

நேற்று பள்ளிக்கூடத்தில் சாப்பாடு முடிந்த பின்பு, அரிசி வைக்கிற அறைக்குப் புதுப் பூட்டு ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதியில் வந்துகொண்டிருந்தேன். அப்போது ஷைனி போன் செய்தாள். அழுதாள். "அம்மா, என்னைய ஏத்த மாட்டேங்குறாங்கம்மா. ப்ளேன் நெறஞ்சிருச்சாம். நாளை கழிச்சுப் போன்னு சொல்றாங்க" என்றாள். அவளை அழாமல் கவுண்டரை விட்டு நகராமல் நிற்கச் சொல்லிவிட்டு, நேராக மரியராஜ் கடைக்குப் போனேன்.

மரியராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அது வழக்கந்தான்க்கா. நாலு பேரு வராமப் போவாங்கன்னு கூடுதலா டிக்கெட்டு வித்துருவாங்க. இன்னைக்கு அம்புட்டுப் பேரும் வந்துட்டாங்க போல" என்றார். வந்தது தப்பா என்று கேட்டேன். அவர் விமானக் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் குரல், ஏஜெண்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கு ஏஜெண்டைத்தான் அணுக வேண்டும் என்றது. மரியராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்!

"பொறுப்பு யாரு தம்பி?" என்று கேட்டேன். "கம்பெனிதான்க்கா" என்றார். கம்பெனி எங்கே இருக்கிறது என்றதற்கு "டெல்லிப் பக்கம்" என்றார். "டெல்லிக்கு நான் எப்பப் போய்ச் சேர? என் கண்ணு முன்னாடி இருக்கிறவன் நீ ஒருத்தன்தான்" என்றேன். அவர் பாடல் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குப் பேசுவோம் என்று சொல்லிக் கடையைச் சாத்த எழுந்தார். அதன் பிறகு நான் ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிட்டு, பையிலிருந்த புதுப் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவரை அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. அடைத்து வைத்தேன் என்று எழுதாதீர்கள், நானும் உள்ளேதான் இருந்தேன் என்று உதவி ஆய்வாளர் மேடத்திடம் சொன்னேன். உள்ளே இருந்தாலும் குற்றம்தான் என்றார்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

மரியராஜ் முதலில் கத்தினார். பிறகு "செத்த பொறுங்கக்கா" என்று சொல்லி விமான நிலையக் கவுண்டரில் தனக்குப் பழக்கமான ஒருவருக்குப் போன் செய்தார். ஃபேன் சத்தத்தில் கேட்காமல் அதையும் ஸ்பீக்கரில்தான் வைத்தார். அந்த ஆள், ஒரே ஒரு சீட்டு பாக்கி இருக்கிறது, அதுவும் உங்களிடம் டிக்கெட் எடுத்த இன்னொருவருக்குத்தான், எரியோடு பொன்னழகு என்று பெயர், அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார், பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

அதற்கு மரியராஜ் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "அந்தாளை விட்ருங்க. அந்தச் சீட்ட இந்தப் புள்ளைக்குப் போடுங்க. அவங்க வெள்ளந்தி ஆளுக, சத்தம் போட மாட்டாங்க. வரலைன்னு போட்டு முடிச்சிருங்க, இல்லைன்னா நஷ்டஈடு, விசாரணைன்னு உங்களுக்கும் தலைவலி" என்றார். மறுமுனையில் சரி என்றார்கள்.

நான் அருகில்தான் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது. பொன்னழகு யார், எதற்குப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. "சீக்கிரம் ஆகட்டும் தம்பி" என்றுதான் சொன்னேன். இதை எழுத வேண்டுமா என்று மேடம் கேட்டார்கள். எழுத வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஷைனி போன் செய்து "அம்மா, சீட் கெடச்சிருச்சும்மா!" என்றாள். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் உலகத்தில் வேறு யாருமே இல்லை. பூட்டைத் திறந்தேன். அதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லிப் போலீசார் வந்திருந்தார்கள். மரியராஜ் அந்த இடத்திலேயே என் மீது புகார் கொடுத்தார். என்னை இன்று காலை நிலையத்துக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இன்று காலை வந்தபோது மரியராஜ் எனக்கு முன்னாலேயே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஒரே கோயில்காரவுக, நமக்குள்ள எதுக்குக்கா கேசு? ஒண்ணும் நடக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவோம்" என்றார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. கேஸ் பதிவானால் என்னைச் சஸ்பெண்ட் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். சமாதானத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவையும் வாங்கிவிட்டேன்.

அந்த நேரத்தில் நிலைய வாசலில் ஓர் ஆணும் பெண்ணும் மரியராஜைக் கேட்டு வந்தார்கள். அந்த மனிதர் பெரிய பெட்டி ஒன்றைப் பச்சைக் கயிற்றால் கட்டித் தலையில் வைத்திருந்தார். பெட்டியில் பெயிண்டால் பொன்னழகு, எரியோடு என்று எழுதியிருந்தது. உடன் வந்தது அவர் மனைவி தீபா. ராத்திரியெல்லாம் திருச்சியில் நின்று பார்த்துவிட்டு, காலையில் கடைக்குப் போய், அங்கே பூட்டியிருக்கவும் பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லி இங்கே வந்திருக்கிறார்கள். மரியராஜ் உட்கார்ந்தபடியே, "லேட்டாப் போயிட்டு எங்கிட்ட வந்து கேட்டா? நீங்க வரலைன்னுல கம்பெனியில இருக்கு" என்றார். நாளைக்குள் வேலையில் சேராவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தீபா சொன்னாள், வரவில்லை என்று எழுதியவருக்கு அடுத்த டிக்கெட்டும் கிடையாதாம்.

பொன்னழகு தலையிலிருந்த பெட்டியைக் கீழே இறக்கவே இல்லை. தீபாதான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள். "யக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. மத்தியானத்துல இருந்து வரிசையில நின்ன மனுசன், எப்படிக்கா வராமப் போவாரு?" என்றாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் உள்ளே வந்து, சமாதானத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், என் மேல் கேஸ் எழுதுங்கள் என்று மேடத்திடம் சொன்னேன். "யம்மா, வேலை போயிரும், தெரியும்ல?" என்று மேடம் கேட்டார்கள். தெரியும் என்றேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேஸ் இல்லை என்றால் நேற்று அந்தக் கடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்த மனிதர் வரவில்லை என்பதுதான் நிற்கும். அந்தப் போன் பேச்சைக் கேட்டது மரியராஜைத் தவிர நான் ஒருத்திதான். ஷைனிக்கு இதெல்லாம் தெரியாது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லக் காலையிலிருந்து கூப்பிடுகிறாள், நான் எடுக்கவில்லை.

பொன்னழகு வந்திருந்தார் என்பதை முதல் வரியாக எழுதச் சொன்னேன். சொல்கிறவர் பெயரும் வயதும்தான் முதலில் வரும் என்று எழுத்தர் சொன்னார். அப்படியானால் கடைசி வரியாக எழுதுங்கள், அந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுவேன், அதன் நகல் ஒன்றைத் தீபாவிடம் கொடுக்க வேண்டும் என்றேன். மேடம் சரி என்றார்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூடுதல் குறைவு இல்லை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

எரியோடு பொன்னழகு நேற்று வந்திருந்தார்.

(ஒப்பம்) பா. செபஸ்தியம்மாள்