ஜன்னலடிக் கேரட் பாத்தி

கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நட முடியாது, ஐயா. விதைத்த இடத்திலேயே முளைத்து அங்கேயே இறங்க வேண்டும். வேரில் ஒரு கல் தட்டுப்பட்டால் போதும், இரண்டு கால் விட்டுக் கோணிக்கொள்ளும். அதனால் முழங்கை ஆழத்துக்குக் கொத்தி, கல் பொறுக்கிப் பாத்தி கட்டினேன். விதை சீரகத்தைவிடப் பொடி. மணலோடு கலந்துதான் தூவினேன். பக்கவாதம் வந்த என் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்று காலையில் விதைத்தது. பாத்தி அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. அங்கேதான் நல்ல வெயில் விழும்.

நீங்கள் கேட்டது அண்ணனைப் பற்றி. வருகிறேன்.

வலது கையும் காலும் பேச்சும் போயிருந்தன. ஆனால் நன்றாக விழுங்கினார். நர்ஸ் வாசல்வரை வந்து சொன்னாள்: "வாயைக் காயவிடாதீங்கக்கா. ஸ்பூன்ல தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. ரெண்டு மாசத்துல தேறிடுவாரு." தேறிவிடுவார் என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, அண்ணன் போட்டது. புருஷன் போனபின் நானும் மகளும் அவரிடம்தான் ஒண்டியிருந்தோம். எது வேண்டுமானாலும் வாய் திறந்து, முழு வாக்கியமாக, தடங்கலில்லாமல் கேட்க வேண்டும். ஜாடை காட்டினால் கிடையாது. என் மகளுக்குத் திக்குவாய். 'சாப்பாடு' வராமல் எத்தனையோ நாள் வெறும் தட்டோடு எழுந்து போயிருக்கிறாள். "மாமா உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பசிச்சா நாக்கு தானா திரும்பும்" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு இழுப்பும் இருந்தது. இன்ஹேலரை அண்ணன் தன் மேஜைக்குள் பூட்டி வைத்திருந்தார். பதினாலு வயதில் ஒரு மத்தியானம், நான் தையற்கடையில் இருந்தபோது, மூச்சு முட்டி அவர் முன்னால் போய் நின்றிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். அவள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவரே கை கழுவிக்கொண்டு சொன்னார்: "ஒழுங்காக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? பாதிதான் சொன்னா."

அதற்குப் பிறகும் ஆறு வருடம் அவருக்கு வடித்துக் கொட்டினேன். வயிறு எரிந்தது, ஐயா. ஒரு நாள்கூட ஆறவில்லை.

ஆகவே அவர் வீடு வந்ததும் சட்டத்தை நான் மாற்றவில்லை. டம்ளர் நிறையத் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்து, "கேளுங்கண்ணே, குடுக்கிறேன்" என்றேன். பூவாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முளைக்கும்வரை மேல்மண் காயக் கூடாது. பொருக்காக இறுகினால் முளை உள்ளேயே செத்துவிடும். மொண்டு ஊற்றவும் கூடாது, விதை அடித்துக்கொண்டு போகும். நாளுக்கு ஆறு தடவை தெளித்தேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அண்ணனையும் கவனிச்சுக்கிட்டு இதையும் பாக்குறீங்களே, உங்களுக்கென்ன பத்துக் கையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் இடது கையால் கட்டிலைத் தட்டினார். அது ஜாடை. நான் கணக்கில் எடுக்கவில்லை.

நான்காம் நாள் மாலை அவர் உதடு பிரிந்தது. "தண்..." என்றார். எனக்கே ஆச்சரியம். நர்ஸ் சொன்னது பொய்யில்லை, பேச்சு திரும்பிக்கொண்டுதான் இருந்தது. டம்ளரோடு கட்டிலருகே உட்கார்ந்தேன். அவசரப்படுத்தவில்லை. இன்னும் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் அவ்வளவுதான் வந்தது. எழுந்து, டம்ளரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கவிழ்த்தேன். காலையில் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் சரி. 'பழிவாங்க' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரை நான் வன்மத்தில் கொட்டவில்லை, ஐயா. பாத்தி காய்ந்திருந்தது.