அப்பாவுக்கு ஒரு பின் சீட்டு

வண்டி வாங்குகிற யாரும் பின்னால் உட்காரப் போகிறவரைப் பற்றி யோசிப்பதில்லை, சார். முன்னால் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துப் பார்ப்பார்கள், தலையாட்டிவிட்டு ஓட்டி வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து ரோடுகளில் அடி முழுக்கப் பின்னால் இருப்பவருக்குத்தான். வழியில் வருகிற ஒவ்வொரு மதகும் அவர் இடுப்பில்தான் ஏறி இறங்கும். மஸ்கட்டில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதெல்லாம் கண்ணில் படும்.

என் பெயர் ஆல்பின். ஊர் கூத்தாநல்லூருக்குப் பக்கம். அப்பா சவரியப்பன் நெல் மில்லில் மூட்டை தூக்கியவர், கனத்த உடம்பு. தொண்ணூற்றாறில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அம்மா முன்பே இறந்துவிட்டதால் என் மனைவி அருள்ஜோதிதான் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாற்றினாள். நான் நீண்ட லீவில் வந்திருந்தேன்.

"மாமாவைப் பாத்துக்கறது எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லைங்க" என்பாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

சிரமம் எனக்குத்தான். அப்பாவின் கடைவாயில் எச்சில் நூலாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். குடிக்கிற கஞ்சியில் பாதி கழுத்தில் இறங்கிக் காய்ந்து பொருக்குத் தட்டும். வீட்டில் எங்கே நின்றாலும் மூத்திர வாடை. அருள்ஜோதி பினாயில் ஊற்றிக் கழுவுவாள், அப்புறம் இரண்டும் சேர்ந்து வீசும். எனக்குச் சோறு போடுகிற கை சற்று முன் எதை அள்ளிப் போட்டது என்பது ஒவ்வொரு கவளத்திலும் ஞாபகம் வரும். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். இருந்தாலும் இறங்காது.

அவரைக் கை கால் பயிற்சிக்காக மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏற்ற முடியாது. முதல் தடவை என் பழைய மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துப் போனேன். நல்ல கையால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை என் முதுகில் சாய்த்துக்கொண்டு வந்தார். போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பும்போது அந்தச் சட்டையைக் கழற்றி ஆற்றுப் பாலத்திலிருந்து எறிந்துவிட்டேன்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான் வண்டியை மாற்றுவது.

பின் ஷாக் அப்சர்பர் இரண்டும் இறுகிப்போய்க் கிடந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, திருச்சியில் தேடி இளக்கமான ஸ்பிரிங் உள்ள ஜோடி ஒன்றை வாங்கிவந்தேன். மேல் பிடிப்பை முன்னால் தள்ளி வெல்டிங் வைத்தேன். அப்படிச் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங் மெதுவாக அமுங்கி மெதுவாக எழும். விழுந்த காலை வைக்க விளிம்பு கட்டிய தகடு ஒன்று பொருத்தினேன். சீட்டு வேலைக்குக் கூத்தாநல்லூர் மீரா உசேனிடம் போனேன். கார், ஜீப்புக்கெல்லாம் சீட்டுத் தைக்கிறவர்.

"அத்தாவுக்கா தம்பி? எப்படி வேணும், சொல்லுங்க."

"முதுகு நல்லா பின்னாடி சாயணும் பாய்."

"முன்னாடி உங்களைப் பிடிச்சுக்கிட்டா பத்திரமா இருக்குமே?"

"பெல்ட் வச்சிடுங்க. பிடிக்க வேண்டியதே இல்ல. உக்கார்ற இடத்துல தையல் வரக்கூடாது. ஒரே ரெக்சினா இருக்கட்டும்."

அவர் ஸ்பான்ஜை அமுக்கிப் பார்த்தார். "எம்மவன் குவைத்துல இருக்கான். எனக்கு ஒரு தலகாணி வாங்கறதுக்குக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான் தம்பி" என்றார்.

சாய்மானம் அப்பாவின் முதுகுக்கு நல்லது. அவர் வாய் என்மேல் படாமல் இருப்பதற்கும் நல்லது. பெல்ட் அவர் விழாமல் இருக்க. அந்தக் கை என் இடுப்புக்கு வராமல் இருக்கவும்தான். தையல் இல்லாத ரெக்சினில் எது ஒழுகினாலும் உள்ளே இறங்காது, துடைத்தால் போய்விடும். எல்லாம் ஒரே வேலையில் முடிந்தது.

ஊரில் நல்ல பெயர் வந்தது. சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் என் வண்டியைப் பற்றிச் சொன்னார். டீக்கடை கோவிந்தராசு, "புள்ளன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு அந்தச் சீட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டாலே பாதி முகத்தால் சிரிப்பார். ஏறி உட்கார்ந்து ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். அலுங்காத வண்டி. தூக்கி இறக்கும்போதுகூடச் சில நேரம் விழிக்க மாட்டார். அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மனைவியை அழைத்துப்போக எனக்கு விசா கிடைத்தது. "மாமாவை விட்டுட்டு நான் எப்படிங்க வர்றது?" என்றாள். தரங்கம்பாடியில் இருக்கிற என் கூடப்பிறந்த அமலோற்பவம் அக்கா பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். அது பொய்யில்லை. கேட்டிருந்தால் அக்கா பார்த்துக்கொண்டிருக்கும். நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள். அக்கா வீட்டில் இருந்தால் அவர் இருந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு லீவுக்கும் நான் போய்ப் பார்க்க வேண்டும். குனிந்தால் அந்தக் கையால் என் நெற்றியில் சிலுவை போடுவார், எச்சில் பட்ட விரலால். அவர் எங்கேயோ இருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு அந்த வாடை வந்துவிடும். கடல் தாண்டிப் போனாலும் வரும். நடுவில் லீவு முடிந்து மஸ்கட் போனபோது வந்தது.

வேளாங்கண்ணித் திருவிழா சமயம். விடிந்ததும் அருள்ஜோதி அவருக்குத் தலைவாரி, புது வேட்டி கட்டி, அக்காவின் முகவரியை எழுதிச் சட்டைப் பையில் வைத்தாள். "போயிட்டு வாங்க மாமா. லீவுக்கு வந்ததும் மொத உங்களைத்தான் பார்ப்பேன்" என்று அழுதாள். அவரை வண்டியில் ஏற்றிப் பெல்ட்டை மாட்டினேன். தரங்கம்பாடி ரோட்டில் போகவில்லை. காவி உடுத்தி நடந்துபோகிற கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்கே போனேன்.

வழியெல்லாம் தூங்கினார். கடற்கரைப் பந்தலில் நடந்து வந்த ஜனங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்களுக்கு நடுவில் படுக்கவைத்தேன். பையில் இருந்த முகவரியை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பாவம், அசந்து தூங்கறாரு. வெயில் மூஞ்சில படாம பாத்துக்குங்க தம்பி" என்றது. துண்டை முகத்தில் போட்டுவிட்டு, டீ வாங்கிவருகிறேன் என்று சொல்லி நடந்தேன். குழாயடியில் முழங்கை வரைக்கும் கழுவினேன். திரும்பும்போது பின்னால் எடை இல்லாததால் வண்டி படகு மாதிரி ஆடியது. அதைத் தவிர எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

விமானம் ஏறுவதற்கு முன்பு சென்னையிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டு, அப்பாவையும் வைத்தியத்துக்காக மஸ்கட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். அக்கா தோத்திரம் சொன்னது.

அருள்ஜோதி கிறிஸ்துமசுக்கு வாழ்த்துச் சொல்ல மஸ்கட்டிலிருந்து அக்காவைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மாமாகிட்ட கொஞ்சம் போனைக் குடுங்கண்ணி" என்றாள். அந்தப் பக்கம் அக்கா, "அப்பா உங்ககிட்டத்தானே இருக்காரு?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. என் தட்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். "உங்க தட்டைத் தொடவே எனக்குக் குமட்டுது" என்றாள். அவ்வளவு பீயையும் மூத்திரத்தையும் அள்ளிய பெண் இதற்குக் குமட்டுகிறது என்றாளே, அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அக்கா அலைந்து கண்டுபிடித்துவிட்டது. ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடிய நேரத்தில் அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. புகார் கொடுத்தது அக்கா. சாட்சி சொல்ல வந்திருப்பவள் அருள்ஜோதி. இருவரும் சொல்வது உண்மை. என் அப்பாவைப் பந்தலில் போட்டுவிட்டு வந்தது நான்தான். வேண்டுமென்றேதான் செய்தேன்.

எனக்குப் புதிதாகத் தெரிந்தது, இன்று காலை நீங்கள் சொன்னது ஒன்றுதான். அவர் கல்லறைச் சிலுவையில் ஆல்பின் என்று எழுதியிருக்கிறதாம். பெயர் என்ன, ஊர் என்ன, என்ன வேண்டும் என்று யார் கேட்டாலும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னாராம். அதனால் அவர் பெயரே அதுதான் என்று நினைத்துவிட்டார்களாம்.

பேச்சு எப்படித் திரும்பியதோ தெரியவில்லை. ஆனால் நீங்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள், சார். அவ்வளவு தூரம் உடம்பு நோகாமல் கொண்டுபோனேன் இல்லையா, அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருப்பார்.