பெயருக்கு விட்ட இடம்

பெயர்: நடராஜா கஜலட்சுமி
வயது: 36
தொழில்: குரல் கலைஞர்
முகவரி: கட்டுகஸ்தோட்டை, மடவளை வீதி, வாடகை வீடு, மேல்மாடி
திகதி: 2025.06.18, மு.ப. 10.20
தேசிய அடையாள அட்டை பார்வையிடப்பட்டது.

நான் மேற்குறிப்பிட்ட முகவரியில் தனியாக வசிக்கிறேன். நான் தமிழில் சொல்வதைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று கேட்டதன் பேரில், உப பொலிஸ் பரிசோதகர் அவர்களின் முன்னிலையில் பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் ஷிபானா அவர்கள் இதை எழுதுகிறார். தொழில் என்ற இடத்தில் முதலில் இல்லத்தரசி என்று எழுதப்பட்டது. அதை வெட்டச் சொன்னேன். பன்னிரண்டு வருடங்களாக நான் குரலை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். எனக்குத் திருமணமும் ஆகவில்லை.

எனது சொந்த ஊர் நாவலப்பிட்டி. தகப்பனார் நகர சபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் பாடசாலையில் உயர்தரம் முடித்த பின்னர் கண்டிக்கு வந்து ஒரு புடவைக் கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மலிவு விற்பனை அறிவித்தேன். அதன் பின்னர், 2013ஆம் ஆண்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு கடையின் மேல்மாடியில் ஒலிப்பதிவு நிலையம் நடத்தும் முத்துலிங்கம் சேந்தன் என்பவர் என் குரலைக் கேட்டுவிட்டு வேலைக்குக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், பேராதனையில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இந்த வாக்குமூலத்தில் அப்படி எழுத வேண்டாம்.

அங்கே டியூஷன் வகுப்பு, கோயில் திருவிழா, கடைத் திறப்பு, மரண அறிவித்தல் என்று முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிப் போகிற எல்லாவற்றுக்கும் நான் குரல் கொடுத்தேன். மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு வராது. ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு எடுக்க முடியாது என்பதால், எல்லா அறிவித்தலுக்கும் பொதுவான வசனங்களை நான் முன்கூட்டியே வாசித்து வைப்பேன். பெயர், வயது, ஊர் வரும் இடங்களில் மூச்சுப் பிடித்து நிறுத்துவேன். பிறகு அந்த இடங்களில் வேண்டியதைச் செருகுவார்கள். இதற்கு நிலையத்தில் இடம் விடுதல் என்று சொல்வோம். இடத்துக்கு முன்னும் பின்னும் குரல் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப் போட்டது தெரியும். கண்டியில் இதை என்னைப்போல் செய்ய ஆளில்லை என்று சேந்தன் வருபவர்களிடம் சொல்வார். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2024.03.09ஆம் திகதி சனிக்கிழமை முற்பகல், நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து சந்திரகுமார் என்பவரும் அவருடைய மனைவியும் நிலையத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய மகள் மதனியும் கூட வந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது. இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, சத்திரசிகிச்சைக்காக ஊர் ஊராக உதவி கேட்கப் போவதாகச் சொல்லி, வைத்தியரின் கடிதத்தைக் காட்டினார்கள். நான் கடிதத்தை வாசித்தேன். அது உண்மையான கடிதம். நான் வாசிப்பதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை கேட்டதால் அவளை ஒலிப்பதிவு அறைக்குள்ளேயே ஒரு கதிரையில் உட்கார வைத்தேன். ஹெட்போன் அவளுடைய தலைக்குப் பெரிதாக இருந்தபடியால் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பின்னர் நான் வேண்டுகோளை வாசித்தேன். பிள்ளை பக்கத்தில் இருந்தபடியால் "எங்கள் செல்லத்தைக் காப்பாற்றித் தாருங்கள்" என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. திரும்ப எடுப்போம் என்றேன். சேந்தன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டி வேண்டாம் என்றார். அதன் பின்னர், "கஜா, பேருக்கும் வயசுக்கும் ஊருக்கும் இடம் விட்டு இன்னொருக்கா வாசியும். வேற ஆக்கள் வந்தா உதவும்" என்றார். நான் வாசித்தேன். இரண்டாவது தடவை எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் அதே இடத்தில், அதே அளவுக்குக் குரலை உடைத்தேன். எப்படி என்று கேட்டால், தெரியும், அவ்வளவுதான். அது எனது தொழில்.

இரண்டாவது தடவை வாசித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை இரண்டு முறை இருமினாள். மின்விசிறி ஓடினாலே பதிவை நிறுத்திவிடுகிற மனிதர், அந்த இருமலுக்கு நிறுத்தவில்லை. அன்றைக்கு நான் அதை யோசிக்கவில்லை.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் மதனி இறந்துவிட்டதாகத் தகப்பன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் சேந்தனிடம் சொன்னேன். அவர் "ஐயோ பாவம்" என்றார்.

இவ்வருடம் ஜூன் 14ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் பத்து மணியளவில் நான் மரக்கறி வாங்குவதற்காகக் கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்குப் போனேன். பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்ட ஒரு முச்சக்கர வண்டி நின்றது. அதன் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் எனது குரல் கேட்டது. பிரணவன், வயது நான்கு, ஊர் மாத்தளை என்று எனது குரல் சொன்னது. நான் என் வாழ்நாளில் அந்தப் பெயரை மைக்கில் உச்சரித்ததில்லை. அதன் பின்னர் எனது குரல் உடைந்தது. அதற்குப் பின்னால் மதனி இரண்டு முறை இருமினாள்.

நான் மரக்கறி வாங்கும் அன்னலட்சுமி என்பவர் கடையை விட்டு இறங்கிப் போய் உண்டியலில் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "பாவங்க அந்தப் புள்ள. அந்தம்மா கொரலக் கேட்டா போடாம இருக்க முடியலங்க" என்று என்னிடமே சொன்னார். அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

அதன் பின்னர் நான் வண்டிக்குக் கிட்டப் போனேன். உண்டியலில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு பிள்ளையின் முகத்தில் பாதியை ஒட்சிசன் கவசம் மூடியிருந்தது. எந்தப் பிள்ளைக்கும் பொருந்தக்கூடிய படம். உண்டியல் வைத்திருந்தவரிடம் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கேட்டேன். கொழும்பில் என்றார். கொழும்பில் எங்கே, எந்த வார்டு என்று கேட்டேன். போடுவதென்றால் போடுங்கள், இல்லாவிட்டால் வழியை விடுங்கள் என்றார். அவருடைய பெயர் அழகர் என்று பின்னர் அறிந்தேன். நான் எனது கைத்தொலைபேசியில் அந்த ஒலியைப் பதிவு செய்துகொண்டேன். அதன் பின்னர் பாலத்தடியில் வாந்தி எடுத்தேன். அன்று காலையில் நான் தேநீர் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அதன் பின்னர் நேராக நிலையத்துக்குப் போனேன். சேந்தன் கணினிக்கு முன்னால் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். மறைக்கவில்லை. அழகருக்குக் கொடுத்தது தான்தான் என்றும், இப்போதெல்லாம் பெயரை எழுதிக் கொடுத்தால் கணினியே எனது குரலில் சொல்லிவிடுகிறது என்றும் சொன்னார். விரலைத் துடைத்துக்கொண்டு, "கேளும், ஒட்டினதே தெரியேல்ல" என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பதினொரு பெயர்கள் இருந்தன. பதினொரு வயதுகள், பதினொரு ஊர்கள், ஒரே இருமல். இருமலை ஏன் வெட்டி எடுக்கவில்லை என்று கேட்டேன். அது இருந்தால்தான் சனம் நம்பும் என்றார்.

ஏழாவது பெயரின் ஓரம் கொஞ்சம் பிசிறடித்தது. இந்த ஒட்டு சரியில்லையே என்று எனது மனதில் ஓடியது. அந்த இடத்தில் எனக்கு அந்த ஆளை விட என் மீதுதான் அருவருப்பு வந்தது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பொலிசுக்குப் போவேன் என்றேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டு, "போம். முதல்ல பிடிபடுறது உம்மட குரல்தான். என்ரை பேர் அதில எங்க இருக்கு? சீரியலும் போகும்" என்றார். சீரியல் என்று அவர் சொன்னது, கொழும்பு நிறுவனமொன்று தமிழில் மொழிமாற்றம் செய்யும் தொலைக்காட்சித் தொடரை. அதன் கதாநாயகிக்கு எனது குரல் தெரிவாகியிருந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதி அதே நிலையத்தில் பதிவு தொடங்க இருந்தது. பன்னிரண்டு வருடங்களாக நான் காத்திருந்தது அந்த வேலைக்குத்தான். புடவைக் கடைக்கும் செத்த வீட்டுக்கும் கத்திய குரலுக்கு முதல் முறையாக ஒரு முகம் கிடைக்க இருந்தது.

ஆகையால் நான் வீட்டுக்குப் போய் இரண்டு நாட்கள் பேசாமல் இருந்தேன். பயத்தால் என்று எழுத வேண்டாம். ஆசையால்.

ஜூன் 16ஆம் திகதி, திங்கட்கிழமை, பிற்பகலில் நான் சந்திரகுமாருக்கு அழைப்பு எடுத்தேன். அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைத்து, எப்படிச் சொல்வது என்று இழுத்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "நானும் கேட்டேங்க. நாவலப்பிட்டி ஸ்டேசன்ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி பின்னாடியே நடந்தேன். வேற பேரு சொல்றாங்க, ஆனா இருமுறது நம்ம பாப்பா தாங்க" என்றார். நான் இதை நிறுத்தப் போகிறேன் என்றேன். அதற்கு அவர், "நிப்பாட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்த இருமல மட்டும் என் போன்ல ஏத்தித் தர முடியுங்களா?" என்று கேட்டார். அவர்களிடம் பிள்ளையின் சத்தம் வேறு எதுவும் இல்லையாம்.

அதன் பின்னர் ஒரு நாளுக்கு மேல் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. இன்று காலை இங்கே வருவதற்கு முன், சேந்தன் சொல்வதற்கு முந்திக்கொண்டு, கொழும்பு நிறுவனத்துக்கு நானே அழைப்பு எடுத்து நடந்ததைச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எனது கைத்தொலைபேசியில் உள்ள பதிவைப் பரிசோதகர் அவர்களிடம் ஒப்படைத்தேன். குரல் என்னுடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே வேண்டுகோளை இங்கே வாசித்துக் காட்டும்படி கேட்டார். நான் வாசித்தேன். மேசையில் கோப்புகள், பக்கத்து அறையில் தொலைபேசி அடிக்கிறது, யாரோ ஒருவர் பைசிக்கிள் களவு போனதற்கு முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறார். செல்லத்தைக் காப்பாற்றித் தாருங்கள் என்ற இடத்தில் எனது குரல் அச்சொட்டாக உடைந்தது. கான்ஸ்டபிள் ஷிபானா அவர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். தமிழ் அவ்வளவாகத் தெரியாத பரிசோதகர் அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்தில் எனது நாக்கை அறுத்து எறியலாம் போல இருந்தது.

பெயர் வரும் இடத்தில் நான் பழக்கத்தில் மூச்சுப் பிடித்து நிறுத்தியிருந்தேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று பரிசோதகர் அவர்கள் ஷிபானா அவர்கள் மூலமாகக் கேட்டார். அது பெயருக்கு விட்ட இடம் என்று சொன்னேன். அப்படியானால் பெயரைச் சொல்லி வாசியுங்கள் என்றார். மதனி என்று சொன்னேன். அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. ஒப்பீட்டுக்கு அவ்வளவு போதும் என்று சொல்லப்பட்டது.

நிலையத்தின் கணினியைக் கைப்பற்றி, வழக்கு முடிந்த பின்னர் அந்தப் பதினொரு பதிவுகளையும், அவற்றுக்கு மூலமான எனது பதிவையும் அழித்துவிட வேண்டும் என்றும், அழிப்பதற்கு முன் அந்த இரண்டு இருமல்களையும் தனியே எடுத்துச் சந்திரகுமாருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எடுக்கத் தெரிந்தவர் இங்கே இல்லாவிட்டால் நான் வந்து எடுத்துத் தருவேன்.

எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இரண்டாம் பக்கத்தின் அடியிலும் கையொப்பத்துக்கு மேலேயும் வெறுமையாக இருந்த இடங்களை, பின்னர் யாரும் எதையும் செருகாதபடி, என் கண் முன்னே கோடிட்டு அடைக்கச் சொன்னேன். அடைத்த பின்னரே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ந. கஜலட்சுமி