குறுக்கே வெட்டிய செம்பு

— சிங்யா அக்கா, லாரி கீழ நிக்குது. சோதனைச் சீட்டுல ஒரு கையெழுத்து போட்டுட்டு சாப்பிடப் போங்க.

— மாட்டேன், குவான்திங். காலேஜ்ல உனக்கு முன்னால படிச்சவங்கறதுக்காக அக்காங்கற. இங்க நீதான் மேனேஜர். வேணும்னா வேலைய விட்டுத் தூக்கு.

— தாவ்யுவான் ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படியொரு பிடிவாதக்காரி கிடைக்க மாட்டா. சோதனை மெஷின் அடம் பிடிக்குதோ என்னவோ? அது தலைமேல எல்லாரும் வைக்கற பச்சைப் பொட்டலத்த வச்சீங்களா?

— நொறுக்குத்தீனி வச்சா மெஷின் சொன்ன பேச்சு கேக்கும்னு நானுந்தான் வச்சிருக்கேன். காலாவதி ஆகாத பொட்டலம். மெஷின் ஒழுங்கா மடக்குது, நிமித்துது. செம்புதான் விரிசல் விடுது.

— படலத்துல ஒட்டின மெல்லிசுச் செம்பு, செயற்கை விரலுக்குள்ள ஓடுது. விரிசல் விடாம என்ன செய்யும்?

— தகட்ட உருட்டின வாக்குல நேரா வெட்டியிருந்தா இவ்வளவு சீக்கிரம் விரிசல் விடாது. தகட்டுக்கு நாலு பட்டை கூடத் தேறும்னு குறுக்க வெட்டச் சொன்னது யாரு?

— செம்பு விக்கற விலையில வேற வழி?

— சோதனைக்கு மட்டும் நேரா வெட்டினத அனுப்பினியே, அதுக்கும் விலைதான் காரணமா? நான் சரக்குலேருந்தே எடுத்து மடக்கிப் பாத்துட்டேன். மூணாவது வருஷம் தாண்டாது.

— மூணு வருஷம் குறைச்சலா?

— பிள்ளைங்களோட செயற்கைக் கைடா அது! சுடச்சுட சூப்புக் கிண்ணத்தப் பிடிச்சிருக்கறப்ப விரல் தானா விட்டுடும்.

— பிள்ளைங்க வளருவாங்க. பழைய கை பத்தாது, புதுசு வாங்குவாங்க.

— வசதி இருக்கறவன் வாங்குவான்.

— சரி, உங்க கையெழுத்து வேண்டாம். நானே போட்டு ஏத்திடறேன்.

— ஏத்து. கை செய்யற கம்பெனிக்கு நேத்தே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். அங்க பேசின அம்மா பொறுமையா கேட்டாங்க. சோதனை முடிவையும் வாங்கிக்கிட்டாங்க. உன் லாரி போன வழியே திரும்பி வரும்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— காலைல எனக்குப் பேசினாங்க. உங்க வேலையப் புகழ்ந்து தள்ளிட்டாங்க.

— அப்புறமும் கையெழுத்து கேக்க எப்படிடா மனசு வந்துது?

— இதச் சொல்லாமலே வாங்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். வாய் வரல.

— எத?

— அந்தக் கைக்கு அவங்க தர்ற உத்தரவாதம் ரெண்டே வருஷம், அக்கா. அதுக்குள்ள உடைஞ்சிடுமோன்னு பயந்துகிட்டு இருந்தாங்களாம். உங்க சோதனையப் பாத்ததும் ஆர்டர இரட்டிப்பாக்கிட்டாங்க.