வடக்குச் சுவரின் குட்டை வாசல்

மத்தியானம் பன்னிரண்டரை மணி. அல் ஐன் ரோட்டிலிருந்து பிரிந்து மணலுக்குள் போகிற ஒற்றை ரோடு... ஒரு வண்டி கிடையாது. பேய் ராத்திரியில்தான் வரும் என்கிறவர்கள் இந்த வளைகுடா நாட்டு ஜூலை வெயிலில் போய் நின்று பார்க்க வேண்டும்.

இது நம் பழனிச்சாமியின் மச்சான் பாலகுருவுக்கு நடந்தது. கொத்தனார். அந்த ரோட்டின் கடைசியில் ஓட்டல்காரர்கள் ஒரு பிரெஞ்சு கிராமத்தையே கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சர்ச். புதிது இல்லை... பிரான்சின் தெற்கே ஏதோ மலைக் கிராமத்தில் எண்ணூறு வருஷம் நின்றதைப் பிரித்து, கல்லுக்குக் கல் நம்பர் எழுதிக் கப்பலில் இறக்கியிருந்தார்கள். நமக்கு விசாவுக்கு எத்தனை அலைச்சல்! கல்லுக்கு உடனே கிடைத்துவிட்டது.

இரண்டு முழக் கனத்தில் சுவர். கை நுழையாத சன்னல்கள். பின்பக்கம் அரைவட்டம். கோபுரம் கிடையாது, முன்சுவரே மேலே எழும்பி, மணி தொங்க இரண்டு ஓட்டை. வடக்குச் சுவரில் மட்டும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குட்டை வாசல்.

நிலைக்கல்லை நிறுத்தியதும் பாலகுரு ஊர்ப் பழக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வருகிறவர்கள் நல்லபடியாக வாருங்கள் என்று கும்பிட்டுவிட்டான். அப்புறம்தான் இஞ்சினியர் கௌரிசங்கர் டிராயிங்கைக் காட்டினார். அது பிரான்சிலேயே கல் வைத்து அடைத்திருந்த வாசலாம், இங்கேயும் அப்படியே அடைக்க வேண்டுமாம். அந்தக் காலத்தில் ஊர் ஒதுக்கிவைத்த சனம் குனிந்து வர வேண்டிய வழியாம். வாங்க என்று கூப்பிட்டுவிட்டு அடைத்தால் எப்படி?

அடைத்தான். மறுநாள் மத்தியான பிரேக் முடிந்து வந்தால்... கல்லெல்லாம் வெளியே, வரிசையாக. மறுபடி அடைத்தான். மறுபடியும் அப்படியே. வேலையை இழுக்கிறாய் என்றார் கௌரிசங்கர். வியாழக்கிழமைக்குள் அடைக்காவிட்டால் லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் பானுப்பிரியாவுக்குக் கல்யாணம். நாலு வருஷமாக அவளை அவன் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பிரேக். எல்லாரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். என்னவென்று பார்த்துவிட்டே அடைப்போம் என்று இவன் மட்டும் திறந்த வாசல் முன்னால் உட்கார்ந்திருந்தான்...

முதலில் வாடை. நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடை. பிறகு வெறுங்கால்கள் மணலில்... சரக்... சரக்... அவனைத் தாண்டி ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். கிழவன்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. உள்ளே போன பிறகும் யாரும் நிமிரவில்லை. நடுவுக்கு வராமல் சுவரோரமாக ஒட்டி நின்றார்கள். அந்த நிற்பு அவனுக்குத் தெரியும். அவன் அப்பா பண்ணையார் வீட்டுக் கொல்லையில் அப்படித்தான் நிற்பார்.

முகப்பில் பெரிய வாசல். இன்னும் கதவே மாட்டவில்லை. வெயில் உள்ளே கொட்டிக் கிடந்தது. ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பாலகுரு கலவையைக் குழைத்தான். கரண்டியை எடுத்தான். அடைக்க ஆரம்பித்தான்...

உள்ளே ஆளை வைத்துக்கொண்டு எப்படி மனசு வந்தது என்று பழனிச்சாமி கேட்டானாம்.

"பெரிய வாசல் தொறந்துதான் கெடந்துச்சு மாப்ளே. அது வழியா அவங்க போகமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பூசுனேன்."

அதற்கப்புறம் அந்தச் சுவரில் ஒரு கல் அசையவில்லை. லீவு கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. பாலகுரு ஊரிலிருந்து வேலைக்குத் திரும்பி வரவில்லை. கரண்டியையே தொடுவதில்லையாம். பழனிச்சாமி விடாமல் கேட்டதற்கு, ஒரே ஒரு தடவை சொன்னானாம்.

"கடைசியா ஒரு கல்லு கொறைஞ்சுது... வெளியில எல்லாம் தேடிட்டேன். அப்புறம் அவங்கதான் உள்ளேருந்து எடுத்துக் குடுத்தாங்க."